பதினாறாவது நிமிடம்

ஆல்பத்தின் பெயர் 'குரூப் செக்ஸ்'. உடனே டேபை மூடிவிடாதீர்கள். வெளியிட்ட குழுவின் பெயர் சர்க்கிள் ஜெர்க்ஸ். அது இன்னும் மோசம், அர்த்தம் கேட்காதீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் 1980-இல் வந்தது. பதினான்கு பாடல்கள், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய பதினைந்தரை நிமிடம். இரண்டு நிமிடத்தைத் தொடும் பாடல் ஒன்றுகூடக் கிடையாது. முதல் பாடல் அரை நிமிடம் ஆவதற்குள் முடிந்துவிடும். ஹார்ட்கோர் பங்க் என்று அழைக்கப்படும் வகைமையின் தொடக்ககால ஆல்பங்களில் ஒன்று. என் வாழ்க்கையில் நான் அதிகமுறை முழுதாகக் கேட்ட ஆல்பம் இதுவாகத்தான் இருக்கும். அதில் பெருமை ஒன்றுமில்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முழு ஆல்பமும் முடிந்துவிடும்.

இதை யாருக்காவது பரிந்துரைத்தால் மூன்று எதிர்வினைகள் வரும். ஒன்று, "இது ஆல்பமா, டீசரா?" இரண்டு, "காட்டுக்கத்தல்." இந்த இரண்டையும் சிரித்துக் கடந்துவிடலாம். மூன்றாவதைச் சொல்பவர்கள் நிறையப் படித்தவர்கள். வருத்தத்தோடு தலையை ஆட்டிக்கொண்டே சொல்வார்கள்: "ரீல்ஸ் பார்க்கிற தலைமுறைக்கு இதுதானே செட் ஆகும்."

இந்த மூன்றாவது ஆட்களோடுதான் எனக்குச் சண்டை.

நம் வாசிப்புச் சூழலில் நீளம் என்பது ஒருவகை ஒழுக்கச் சான்றிதழாகிவிட்டது. ஆயிரம் பக்க நாவலை முடித்தவர் ஆழமானவர். நான்கு மணிநேரப் படத்தை அசையாமல் பார்த்தவர் தவம் செய்தவர். பதினைந்து நிமிட ஆல்பத்தைக் கேட்பவன் கவனம் சிதறியவன், பொறுமையற்றவன், போனால் கெட்டுப்போனவன். இந்தச் சமன்பாட்டில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. நம் கவனத்தைத் தின்றுகொண்டிருப்பது குறுகிய விஷயங்கள் என்று நம்பவைக்கப்பட்டிருக்கிறோம். நம்மைத் தின்பது முடியாத விஷயங்கள். இந்த ஆல்பத்தின் ஈர்ப்பு அது சின்னதாக இருப்பதில் இல்லை. அது முடிகிறது, முடிந்தபின் நம்மை விட்டுவிடுகிறது. இன்றைக்கு இதைச் செய்கிற பொருள் ஏதாவது உங்கள் கையில் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

*

முதலில் ஆல்பத்தைப் பார்ப்போம்.

கீத் மோரிஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே ஹெர்மோசா பீச் என்ற கடற்கரை ஊர்க்காரர். அங்கே அவருடைய அப்பா மீன்பிடித் தூண்டில், இரை விற்கும் கடை வைத்திருந்தார். மகனும் அந்தக் கடையில் வேலை பார்த்தார். பிளாக் ஃபிளாக் குழுவின் முதல் பாடகர் அவர்தான். அந்தக் குழுவை நடத்திய கிட்டார் கலைஞர் கிரெக் ஜின், சிறுவயதிலிருந்தே ஹாம் ரேடியோக்காரர்களுக்கான கருவிகளை விற்றுவந்தவர். அந்தச் சிறுதொழிலின் பெயரைச் சுருக்கி எஸ்.எஸ்.டி. என்று தன் இசை நிறுவனத்துக்கு வைத்தார். பிளாக் ஃபிளாக்கின் முதல் வெளியீட்டில் நான்கே பாடல்கள், மொத்தமே ஐந்து நிமிடம்தான்.

1979-இல் மோரிஸ் அங்கிருந்து விலகினார். கிரெக் ஹெட்சன் (கிட்டார்), ரோஜர் ரோஜர்சன் (பேஸ்), லக்கி லெரர் (ட்ரம்ஸ்) ஆகியோரோடு சர்க்கிள் ஜெர்க்ஸைத் தொடங்கினார். வரும்போது பழைய வீட்டிலிருந்து சில பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். 'வேஸ்டட்' என்ற பாடல் பிளாக் ஃபிளாக்கின் முதல் வெளியீட்டிலேயே இருக்கிறது. ஒரு நிமிடம்கூட வராத அந்தப் பாடலைப் புதிய குழு இன்னும் வேகமாக்கித் தன் ஆல்பத்தில் போட்டது. கடுப்பான பிளாக் ஃபிளாக்காரர்கள் தங்கள் அடுத்த வெளியீட்டில் மோரிஸைத் திட்டியே ஒரு பாடல் போட்டார்கள். அதுவும் ஒரு நிமிடம்தான். சண்டையைக்கூட சுருக்கமாகப் போட்டவர்கள்.

லிசா ஃபேன்சர் என்ற இளம்பெண் அப்போதுதான் தொடங்கியிருந்த ஃபிரண்டியர் ரெக்கார்ட்ஸ் இந்த ஆல்பத்தை வெளியிட்டது. அட்டைப்படம் எட்வர்ட் கால்வர் எடுத்தது. மரீனா டெல் ரே ஸ்கேட்போர்டு மைதானத்தின் சிமெண்டுக் குழிக்குள் ஒரு பெருங்கூட்டம். நாயகன் போஸ் கொடுக்கும் அட்டை கிடையாது.

பொறியியல் கல்லூரி விடுதியில் ஹார்ட் டிஸ்க் கைமாறிக்கொண்டிருந்த காலத்தில் இது என்னிடம் வந்தது. ஒரு சீனியர் அண்ணன் தன்னுடைய இசை ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிக் கொடுத்தார். பிங்க் ஃபிளாய்ட், மெட்டாலிகா எல்லாம் நூற்றுக்கணக்கான எம்.பி.யில் உட்கார்ந்திருக்க, இது மட்டும் பதினைந்து எம்.பி.க்குப் பக்கத்தில் இருந்தது. பாதியில் அறுந்துபோன டவுன்லோட் மாதிரித் தெரிந்தது. போட்டுப் பார்த்தேன். பேலன்ஸ் தீரப்போகிற போனில் சண்டைபோடும் ஆளைப் போல ஒருவன் பேசிக்கொண்டே போகிறான். வார்த்தைகள் முதல்முறை பிடிபடவில்லை. ஆனால் அவனுக்கு அவசரமாகச் சொல்ல ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. ஒரு பாட்டில் காது பழகுவதற்குள் அடுத்தது. அதற்குப் பழகுவதற்குள் அதற்கடுத்தது. பிறகு சட்டென்று ஒன்றுமில்லை. மின்விசிறிச் சத்தம். பக்கத்து அறையில் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம். மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

அந்த வயதில் எங்களுக்கு நேரம் என்பது ஒரு பிரச்சினையே இல்லை. சனிக்கிழமை மதியம் என்றால் அது முடிவில்லாமல் நீண்டு கிடக்கும். அதனால் 'டைம் இல்லாததால் சின்ன ஆல்பம்' என்ற விளக்கம் எனக்குப் பொருந்தாது. நேரம் கொட்டிக்கிடந்தபோதுதான் இது பிடித்தது.

*

"சரி, ஆனால் சோம்பேறித்தனம்தானே? பாட்டை முழுசா எழுதத் தெரியாம பாதியிலேயே விட்டுட்டாங்க."

இது முதல் குற்றச்சாட்டு. இதற்குக் கொஞ்சம் கணக்கு பார்க்கலாம்.

1973-இல் யெஸ் என்ற பிரிட்டிஷ் குழு ஓர் இரட்டை ஆல்பம் வெளியிட்டது. நான்கு பாடல்கள், ஒவ்வொன்றும் இருபது நிமிடம், மொத்தம் எண்பது நிமிடத்துக்கும் மேல். 1976-இல் நியூயார்க்கின் ரமோன்ஸ் தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். பதினான்கு பாடல்கள், சுமார் 29 நிமிடம். நான்கு வருடம் கழித்து சர்க்கிள் ஜெர்க்ஸ் அதே பதினான்கு பாடல்களை ஏறக்குறையப் பாதி நேரத்தில் முடித்தார்கள். எண்பது, இருபத்தொன்பது, பதினைந்தரை. ஏழே வருடத்தில் நடந்த இந்தச் சுருக்கத்தைச் சோம்பேறிகள் செய்திருக்க முடியாது. இது ஒரு வாதம். ஒவ்வொருவரும் முந்தையவரைப் பார்த்து, "இதிலும் கொஞ்சம் கொழுப்பு இருக்கிறது" என்கிறார்கள்.

வழக்கமான ராக் பாடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது? முன்னிசை, சரணம், பல்லவி, சரணம், பல்லவி, கிட்டார் தனி ஆவர்த்தனம், ஒரு திருப்பம், மறுபடி பல்லவி, மறுபடி பல்லவி, கடைசியில் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைவது. இந்தத் தேய்தல் இருக்கிறதே, எனக்கு அதன்மேல் எப்போதும் சந்தேகம். குழு இன்னும் வாசித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஒலிப்பொறியாளர் பொத்தானை இறக்கி அவர்களை நம்மிடமிருந்து மறைக்கிறார். எப்படி முடிப்பது என்று யாரும் முடிவுசெய்யவில்லை. கல்யாண வீட்டில் "அப்புறம்... வரட்டுமா... சரி, அப்ப..." என்று வாசலிலேயே அரைமணிநேரம் நிற்கும் உறவினர் மாதிரி.

இந்த ஆல்பத்தில் நான்கு பேரும் ஒரே கணத்தில் வெட்டி நிறுத்துகிறார்கள். அந்த வேகத்தில் அப்படி நிறுத்துவதற்குக் கை பழகியிருக்க வேண்டும். லக்கி லெரரின் ட்ரம்ஸை மட்டும் தனியாகக் கவனித்துக் கேளுங்கள். ஜாஸ் வாசித்துப் பழகிய கை. தாளத்தின் நடுவே சின்னச்சின்ன இடைவெளிகளைத் திறந்து மூடிக்கொண்டே போகிறார். வேகத்தை முன்னே ஓடவிட்டுப் பின்னால் துரத்துவதில்லை, கையில் பிடித்தே வைத்திருக்கிறார். வாஷிங்டனின் பேட் பிரெயின்ஸ் கதையும் இதேதான். கறுப்பினத்தவர்களான அந்த நால்வரும் ஜாஸ் ஃபியூஷன் குழுவாகத் தொடங்கியவர்கள். கஷ்டமானதை வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் ஒன்றரை நிமிடப் பாடல்களுக்கு வந்தார்கள். வாசிக்கத் தெரியாமல் வேகமாக வாசித்தார்கள் என்று சொல்பவர்கள் ஒருமுறை கிட்டாரைத் தொட்டுப் பார்க்கட்டும். வேகம் தவறுகளை மறைக்கும் என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் நம்பிக்கை. வேகத்தில் ஒருவர் தப்பினால் நான்கு பேரும் கவிழ்வார்கள்.

'வேஸ்டட்' பாடலையே எடுத்துக்கொள்வோம். தான் என்னென்னவாக இருந்தேன் என்று ஒருவன் இறந்தகாலத்தில் வரிசையாக அடுக்குகிறான். கடற்கரைப் புறநகர்ப் பையன் ஒருவனின் போதைக்கால வாழ்க்கை வரலாறு, முக்கால் நிமிடத்துக்குள். எதற்கும் விளக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை, பாடம் இல்லை. இதையே ஒரு நாவலாசிரியர் நானூறு பக்கத்துக்கு எழுதலாம், நல்ல நாவலாகவும் இருக்கலாம். ஆனால் இந்தப் பாடலில் எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் யாராவது திருக்குறளை இழுத்துக்கொண்டு வருவார்கள். "ஏழு சீரிலேயே..." வேண்டாம், விட்டுவிடுங்கள். அது வேறு செயல். குறள் திரும்பத்திரும்பப் படித்து, மனதில் நிறுத்தி, வாழ்நாளெல்லாம் எடுத்தாள்வதற்காகச் சுருக்கியது. இங்கே சுருக்கியவனுக்கு நீங்கள் இதை மனப்பாடம் செய்வீர்களா என்ற கவலை இல்லை. அவனுக்கு மேடையிலிருந்து இறங்கவேண்டும், போலீஸ் வருவதற்குள்.

போலீஸ் என்பதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அந்த வருடங்களில் லாஸ் ஏஞ்சலஸின் பங்க் கச்சேரிகளைக் காவல்துறை கலைப்பது சாதாரணம். இந்தக் குழு உட்படப் பலரைப் படம்பிடித்த பெனலபி ஸ்பீரிஸின் ஆவணப்படம் 1981-இல் வெளியானபோது, அதை நகரத்தில் இனித் திரையிட வேண்டாம் என்று காவல்துறைத் தலைவர் டேரல் கேட்ஸ் கடிதம் எழுதினார். பதினைந்து நிமிட இசைக்கு இவ்வளவு நீளமான பயம்.

*

இனி மூன்றாவது ஆட்களிடம் வருகிறேன். ரீல்ஸும் குறுகியது, இதுவும் குறுகியது, ஆகவே இரண்டும் ஒன்று. எலியும் ஏரோப்ளேனும் எ, ஏ என்று தொடங்குவதால் ஒன்று என்பது போன்ற தர்க்கம்.

நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிப்பவன். ஒரு செயலி உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் முன்பு வேலைபார்த்த ஓரிடத்தில் வாரா வாரம் திங்கட்கிழமை மீட்டிங்கின் முதல் ஸ்லைடு ஒரு கோடு. பயனர் சராசரியாக எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார் என்பது. கோடு மேலே போனால் எல்லோர் முகத்திலும் வெளிச்சம். கீழே வந்தால் ஏன் என்று கேள்வி. அவர் எதற்காக உள்ளே வந்தார், வந்த வேலை முடிந்ததா என்று அந்த அறையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வேலையை விரைவில் முடித்துவிட்டு வெளியேறும் பயனர் எங்கள் வரைபடத்தில் ஒரு சரிவு. அவ்வளவுதான்.

2006-இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவிலா ஸ்க்ரோலை உருவாக்கினார். பக்கத்தின் அடியைத் தொடுமுன்பே அடுத்த பகுதி வந்து ஒட்டிக்கொள்ளும். அதுவரை இணையத்தில் பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு என்று இருந்தது. 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்துமுன் அரை விநாடி, "போதுமா?" என்று ஒரு யோசனை வரும். அந்த அரை விநாடியைத்தான் எடுத்துவிட்டார்கள். அதை உருவாக்கியதற்காகப் பின்னாளில் ராஸ்கினே பொதுவெளியில் வருத்தப்பட்டிருக்கிறார். 2017-இல் நெட்ஃபிளிக்ஸின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் தங்களுடைய போட்டியாளர் தூக்கம்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஒரு மனிதன் களைத்துப்போய்க் கண்ணை மூடுவதை வணிகப் போட்டியாகப் பார்க்கிற இடம் இது.

இப்போது சொல்லுங்கள், ரீல்ஸ் குறுகியதா? ஒரு ரீல் முப்பது விநாடி. சரி. ரீல்ஸ்? அதற்கு நீளமே கிடையாது. அது மனிதன் இதுவரை செய்த கலைப் பொருள்களிலேயே மிக நீளமானது. யெஸ் குழுவின் எண்பது நிமிடம் அதற்கு முன் ஒரு தும்மல். முப்பது விநாடிச் செங்கற்களால் கட்டிய, கூரையே இல்லாத கட்டடம்.

இந்தக் கட்டடத்தில் இளைஞர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள் என்பது இன்னொரு பொய். என் அப்பா ஓய்வுபெற்றவர். வார இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். கடைசிப் பக்கம் வந்ததும் மடித்து டீபாயில் வைப்பார், எழுந்து போவார். எங்கள் வீட்டில் இரவு பத்து மணி என்பது அந்த இதழ் மடிபடும் சத்தம்தான். இப்போது ஊருக்குப் போனால், நள்ளிரவு தாண்டியும் அவர் அறையில் நீலவெளிச்சம். கட்டைவிரல் மேல்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. "தூங்கலையாப்பா?" என்றால், "இதோ, இது ஒண்ணு முடியட்டும்" என்கிறார். அது முடியாது. முடியாதபடி செய்வதற்கு என்னைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். எழுபதை நெருங்கும் ஒரு மனிதரின் பொறுமையில் என்ன குறை? தினத்தாளின் அரசு டெண்டர் விளம்பரம் வரைக்கும் படித்தவர் அவர். அவரிடமிருந்து பறிக்கப்பட்டது பொறுமை இல்லை, கடைசிப் பக்கம்.

அதனால்தான் "இந்தத் தலைமுறைக்குக் கவனமே இல்லை" என்று நம் பெரியவர்கள் மேடையில் பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. குற்றவாளி யார் என்று தெரியாமல் அடிவாங்கினவனையே திட்டுவது அது.

இசைக்கும் இதே கதைதான். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் முப்பது விநாடி ஓடினால்தான் அது ஒரு முறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் வரும். 'குரூப் செக்ஸ்' ஆல்பத்தின் முதல் பாடல் அரை நிமிடத்துக்குள் முடிகிறது என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கணக்குப்படி அதை யாருமே முழுதாகக் கேட்கவில்லை, ஆல்பத்தின் வாசல்கதவு கணக்கிலேயே இல்லை. இந்த விதியைப் புரிந்துகொண்டு 2014-இல் வல்ஃப்பெக் என்ற குழு முழுக்க மௌனமான ஓர் ஆல்பம் வெளியிட்டது. பத்துத் தடங்கள், ஒவ்வொன்றும் முப்பது விநாடிக்குச் சற்று அதிகம். தூங்கும்போது ஓடவிடுங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அது நீக்கப்பட்டது, ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான டாலர் வந்துவிட்டது. அன்றைக்கு முப்பத்தொரு விநாடி மௌனத்துக்குக் காசு இருந்தது, இருபத்தெட்டு விநாடிப் பாடலுக்குக் கிடையாது. பாட்டு எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்பதை இன்று தீர்மானிப்பது எது என்று இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

இன்னொன்று. இசைத்தட்டில் இந்த ஆல்பத்தின் ஒரு பக்கம் எட்டு நிமிடம்கூட ஓடாது. எழுந்துபோய்த் திருப்பிப் போடவேண்டும். இரண்டாவது பக்கமும் முடிந்தால் ஊசி உள்வளையத்தில் போய் நிற்கும், அறையில் சத்தம் இருக்காது. அடுத்து என்ன என்பதை நீங்கள் தீர்மானிக்கவேண்டும். ஸ்ட்ரீமிங் செயலியில் போட்டுப் பாருங்கள். ஆட்டோபிளே இருந்தால், கடைசிப் பாடல் அறுந்த அடுத்த கணம் அதே மாதிரியான வேறொரு குழுவின் வேறொரு பாடல் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு இன்னொன்று. நான்கு பேர் வியர்வை சிந்தி வெட்டி நிறுத்திய இடத்தில் ஒரு நிரல் வந்து தையல் போட்டு மூடிவிடுகிறது. பதினாறாவது நிமிடத்தின் பாதியிலிருந்து இருக்கவேண்டிய மௌனம் ஆல்பத்தின் பதினைந்தாவது பாடல். என்னைக் கேட்டால் அதுதான் ஆல்பத்திலேயே சிறந்த பாடல். நமக்கு அது கிடைப்பதில்லை.

*

"அதெல்லாம் சரி. உள்ளடக்கம்? வெறும் விடலைக் கோபம்தானே?"

விடலைக் கோபம்தான். இல்லை என்று யார் சொன்னது? ஆல்பத்தின் சில பாடல்கள் பெண்களைப் பற்றிப் பேசும் விதம் விடலைத்தனத்திலும் மட்டமானது, இன்று கேட்கும்போது முகம் சுளிக்கிறது. மேடைக்கு முன்னால் நடந்த தள்ளுமுள்ளு கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்களை ஓரத்துக்குத் தள்ளியது என்பதும் அந்தக் காலத்தவர்கள் பலரும் பதிவுசெய்ததுதான். இத்தனைக்கும் இந்த ஆல்பத்தை வெளியிட்டது ஒரு பெண், இவர்களைத் திரையில் பதிந்ததும் ஒரு பெண். இதையெல்லாம் வேகத்தின் பெயரால் மூடிமறைக்க நான் வரவில்லை. சுருக்கமாகச் சொன்னதால் முட்டாள்தனம் புத்திசாலித்தனம் ஆகிவிடாது.

ஆனால் விடலைக் கோபம் எப்போதும் தவறாகத்தான் இருக்கும் என்பதும் ஒரு வசதியான நம்பிக்கை. இதே ஆல்பத்தில் 'பெய்ட் வெக்கேஷன்' என்று ஒரு பாடல் இருக்கிறது. சம்பளத்தோடு விடுமுறை. ராணுவத்துக்குப் போவதைத்தான் அப்படிக் கிண்டல் செய்கிறார்கள். பின்னணி இது: 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. பதிலடியாக ஜிம்மி கார்ட்டர் அரசு, கட்டாய ராணுவச் சேவைக்கான பதிவை மீண்டும் கொண்டுவந்தது. 1980 ஜூலையில் அமெரிக்காவின் பத்தொன்பது, இருபது வயது ஆண்கள் தபால் நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிந்தார்கள். வியட்நாம் போர் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அந்த வரிசையில் நிற்கிற பையன்களைப் பார்த்துத்தான் இந்தப் பாடல் பாடப்பட்டது. அடுத்த போர் ஆப்கானிஸ்தானில்தான் என்று நேராகவே பெயர் சொல்கிறது. நீளம், ஒன்றரை நிமிடம்.

2001 அக்டோபரில் அமெரிக்கா ஆப்கானிஸ்தானுக்குப் போனது. 2021 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. இருபது வருடம். அந்த இருபது வருடமும் நீளமான அறிக்கைகள், நீளமான விவாதங்கள், தடித்தடியான புத்தகங்கள். ஆழமான ஆட்களுக்கு அந்தப் போரை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. பாட்டை எப்படி முடிப்பது என்றாவது இந்த விடலைகளுக்குத் தெரிந்திருந்தது.

நீளமான வாதத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. "ஒருபக்கம் பார்த்தால்", "இன்னொரு கோணத்தில்" என்று போய்ப்போய், எதற்காகக் கோபப்பட்டோம் என்பதே மறந்துவிடும். ஒன்றரை நிமிடத்தில் அந்தச் சலுகை கிடையாது. எதற்கு எதிராக இருக்கிறாய் என்பதை மட்டும்தான் சொல்ல நேரம் இருக்கிறது. வாழ்க்கைக்கு அது போதாது என்பது உண்மை. தபால் நிலைய வரிசையில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அன்றைக்கு அது போதும்.

வாஷிங்டனில் மைனர் த்ரெட் குழு 1981-இல் 'ஸ்ட்ரெயிட் எட்ஜ்' என்று 46 விநாடிக்கு ஒரு பாடல் போட்டது. குடி, போதை வேண்டாம் என்று ஒரு பையன் தன்னைப் பற்றிச் சொன்ன பாடல். அந்தப் பெயரிலேயே உலகம் முழுக்க ஓர் இளைஞர் இயக்கம் உருவாகிவிட்டது. தான் இயக்கம் எதையும் தொடங்கவில்லை என்று அதை எழுதிய இயன் மக்காய் இன்றுவரை விளக்கிக்கொண்டிருக்கிறார். பாட்டு 46 விநாடி, விளக்கம் நாற்பது வருடம்.

*

ஆகவே எல்லோரும் குறுகலாக எழுதுங்கள், குறுகலாகப் பாடுங்கள் என்று சொல்லவருகிறேனா? இல்லை. குறுமையை விதியாக்கியவர்கள் அதையும் கெடுத்தார்கள். 1980-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவெங்கும் இதே வேகம், இதே நீளம், இதே கத்தல் என்று நூற்றுக்கணக்கான குழுக்கள் நகலெடுத்தன. நேபாம் டெத் குழு 1987-இல் போட்ட ஒரு பாடல் இரண்டு விநாடிகூட வராது, உலகின் மிகக் குறுகிய பாடல் என்று கின்னஸில் ஏறியது. நல்ல ஜோக். ஆனால் ஒரு ஜோக்கை இரண்டாவது முறை சொல்ல முடியாது.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் பிளாக் ஃபிளாக்தான். 1984-இல் வந்த 'மை வார்' ஆல்பத்தின் இரண்டாவது பக்கத்தில் மூன்றே பாடல்கள். ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கும் மேல், சேற்றில் நடப்பது போன்ற வேகம். வேகத்தை எதிர்பார்த்து வந்த ரசிகர்கள் கடுப்பானார்கள். எனக்கு அந்தப் பக்கமும் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் நான்கு பாடல் போட்ட அதே ஆட்கள் ஆறு நிமிடத்துக்கு ஒன்று போடும்போதும், அந்த நீளத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது கேட்கிறது. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலுக்கு இரண்டு பின்னுரைப் பகுதிகள் உண்டு. மனிதருக்கு முடிக்க மனமில்லை. ஆனாலும் முடித்தார். அதைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிற நேரம் வாசகனுக்குக் கிடைத்தது. நீளமான நாவலும் பதினைந்து நிமிட ஆல்பமும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி. எதிர்க்கட்சியில் இருப்பது கட்டைவிரல்.

மைனர் த்ரெட் 1983-இல் கலைந்துபோனது. அவர்களுடைய மொத்தப் பாடல்களும் ஒரே தொகுப்பில் அடங்கிவிட்டன: 26 பாடல்கள், ஒரு மணிநேரத்துக்கும் குறைவு. இன்னும் பத்து ஆல்பம் போட்டிருக்கலாம், காசு வந்திருக்கும். சொல்லவேண்டியதைச் சொன்னார்கள், போனார்கள். "போதும்" என்ற சொல்லைத் திறமையின்மை என்று நினைக்கிற உலகத்தில் இது எனக்கு அபூர்வமான மரியாதையாகத் தெரிகிறது. கேட்பவனின் வாழ்நாள் கேட்பவனுடையது, அதில் நான் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு வைத்திருப்பது. நீளத்தை ஒழுக்கமாகப் போற்றும் நம் அண்ணன்கள், அக்காக்களிடம் நான் கேட்பது இதைத்தான்: உங்கள் ஒழுக்கப் பட்டியலில் இந்த மரியாதைக்கு இடம் உண்டா? நீளமான ஒன்றை நீங்கள் புகழும்போது அதன் நீளத்தைப் புகழ்கிறீர்களா, அது முடிந்த இடத்தைப் புகழ்கிறீர்களா?

நீங்கள் நிதானமாக வாசிப்பவர் என்றால், இந்தக் கட்டுரைக்கு ஆன நேரத்தில் 'குரூப் செக்ஸ்' முழுதாக ஓடி முடிந்திருக்கும். அந்த ஆல்பம் என்னைவிடச் சிக்கனமாக வேலையைச் செய்திருக்கும். பரவாயில்லை, அதையும் கேளுங்கள். பிடிக்காமல் போகலாம், பதினைந்து நிமிடத்துக்கு மேல் நஷ்டமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: போடுவதற்கு முன் செட்டிங்ஸில் போய் ஆட்டோபிளேவை அணைத்துவிடுங்கள்.